டகோட்டாவின் இறக்கைக்குள் விட்ட இரும்பு

இந்தக் கூட்டத்தை நடத்தித் தரும் சங்கத் தலைவர் ஆம்ப்ரோஸ் அவர்களே, விமானப் படையின் உடுப்பை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரணச் சட்டையோடு நம்மில் ஒருவராக வந்து அமர்ந்திருக்கும் ஸ்குவாட்ரன் லீடர் சில்வெஸ்டர் அவர்களே, முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் சம்பூர்ணம் அம்மா அவர்களே, அவர் அருகில் இருக்கும் மகள் ரமா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் பணிமனைத் தோழர்களே, படிப்பகத்துக்குள் இடம் போதாமல் நீலசந்திரா தெருவில் வெயிலில் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் வெங்கடகிருஷ்ணன். விமானப் பணிமனையில் இன்ஸ்பெக்டர். பிறர் செய்து முடித்த வேலையைப் பார்த்து, சரி என்றால் முத்திரை போடுவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக முத்திரை போட்டு வருகிறேன். நம்மை விட்டுப் பிரிந்த சார்ஜ்மேன் ஜெயவேலு அவர்களின் வேலைக்கு மட்டும் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்று அவரைப் பற்றிப் பேசும்படி சங்கத்தில் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. அது ஏன் என்பதையும் இந்தச் சபையில் சொல்லத்தான் போகிறேன்.

ஜெயவேலு யார்? கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகன். தகப்பனாரின் பூர்வீகம் வடஆர்க்காட்டில் குடியாத்தம் பக்கம். சுரங்கத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடப்பாறையால் மேல்பாறையைத் தட்டிக் கேட்பார்கள். ஓசை கணீரென்று வந்தால் வேலை தொடங்கலாம். பொத்தென்று வந்தால் அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். தகப்பனாரிடம் கேட்டு வளர்ந்த இந்தப் பழக்கத்தை மகன் விமானத்துக்குக் கொண்டுவந்தார். ரிவிட் ஆணி அடித்த தகட்டைச் சுண்டிக் கேட்பார். காதைச் சாய்த்துக்கொண்டு இறக்கையின் அடியில் அவர் நகர்ந்து போவதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அவர் சாக்கட்டியால் வட்டம் போட்ட இடத்தில் தளர்ந்த ரிவிட் இல்லாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

அவருடைய வாழ்க்கையை ஒரு விமானத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். அந்த டகோட்டாவைப் பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். வால் பக்கம் எழுதிய எண்ணைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நாம் 'எருமை' என்போம். பெயிண்டர் முனிராஜ் கன்னடத்தில் 'எம்மெ' என்பார். எதை ஏற்றினாலும் சுமக்கும், எங்கே இறக்கினாலும் நிற்கும், அழகு மட்டும் கிடையாது. அதனால் வந்த பெயர்.

போர்க்காலத்தில் அது அசாமிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவுக்குச் சுமை கொண்டுபோன விமானம். போர் முடிந்ததும் வங்காளத்தில் ஒரு புல்வெளியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மழைக்காலம் அங்கேயே நனைந்தது. நாற்பத்தேழாம் ஆண்டு தொடக்கத்தில் நம் பணிமனைக்கு வந்தபோது இறக்கைக்குள் குளவிக் கூடு இருந்தது. விமானியின் இருக்கைக்குக் கீழே பாம்புச் சட்டை கிடந்தது. 'இது பறக்குமா?' என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஜெயவேலு அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே மூக்கிலிருந்து வால் வரை போனார். திரும்பி வந்து, "எலும்பு நல்லா இருக்குது சார். தோலுதான் போச்சு" என்றார்.

ஏழு மாதம் அந்தத் தோலை மாற்றினார்கள். அந்தச் செப்டம்பரில் எருமை பறந்தது. அடுத்த மாதமே காஷ்மீருக்குப் போனது. போகும்போது சிப்பாய்கள், வரும்போது காயம்பட்டவர்களும் வீடிழந்த குடும்பங்களும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்காமல் ஓடியது. சனவரியில் அது நம்மிடம் திரும்பி வந்தபோது உடலில் பதினேழு குண்டுத் துளைகள். தரைப் பலகையைப் பெயர்த்தபோது இடுக்கில் வாதுமை ஓடுகள் கிடந்தன. அவற்றோடு ஒரு குழந்தையின் கம்பளிக் காலுறை, ஒற்றை. பலகையைப் பெயர்த்த ஜெயவேலு அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த விமானத்தைப் பற்றி அவர் பேசிய விதம் மாறிவிட்டது. 'தகடு' என்று சொல்லும் இடத்தில் 'உள்ளே உட்கார்றவங்க' என்று சொல்லத் தொடங்கினார்.

பெரியோர்களே, இனி நான் சொல்லப்போவது ஐம்பதாம் ஆண்டில் நடந்தது. பணிமனையில் இருக்கும் பலருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி போன வாரம் வரை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை.

அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று அசாமில் பூகம்பம். மலை சரிந்து ஆறுகள் அடைபட்டன. அடைபட்ட ஆறுகள் உடைத்துக்கொண்டு ஊர்களை அடித்துப் போயின. பாலம் இல்லை, பாதை இல்லை. வானத்திலிருந்து அரிசி போட்டால்தான் சோறு என்ற நிலை. எருமை அப்போது நம் கொட்டகையில் இறக்கை திறந்தபடி நின்றது. சீக்கிரம் அனுப்புங்கள் என்று தந்திக்கு மேல் தந்தி. எல்லோரும் ஓடினோம். ஜெயவேலு அப்போதுதான் ஃபிட்டரிலிருந்து சார்ஜ்மேனாக உயர்ந்து இரண்டு மாதம். வலது இறக்கை அவர் பொறுப்பு.

கடைசி நாள் பிற்பகல் நான் பார்வையிடப் போனேன். இறக்கைக்கு அடியில் கை நுழையும் அளவு ஒரு வாசல் உண்டு. அதன் உள்ளேதான் இறக்கையின் ஓரத் தகட்டை அசைக்கும் கம்பிக் கயிறு கப்பியில் ஓடும். அந்தத் தகடு அசைந்தால்தான் விமானம் திரும்பும். உள்ளே ஒரு ரிவிட் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஜெயவேலுவிடம் டாலி கேட்டேன். தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், ரிவிட் அடிக்கும்போது பின்புறம் தாங்கிப் பிடிக்கும் உள்ளங்கை அளவு இரும்புக் கட்டைக்கு டாலி என்று பெயர். அவர் தன்னுடையதைக் கொடுத்தார். உள்ளே வைத்து அழுத்திப் பார்த்தேன். ரிவிட் நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. போனேன். திரும்பி வந்து, "மூடிடுங்க" என்றேன். மூடினார்கள். ஜெயவேலு கையெழுத்திட்டார். நான் முத்திரை போட்டேன். மறுநாள் காலை எருமை புறப்பட்டுப் போயிற்று. ஓட்டிப் போனவர் இதோ மேடையில் இருக்கும் சில்வெஸ்டர் அவர்கள்.

அன்று பிற்பகல் ஜெயவேலு என் மேசைக்கு வந்தார்.

"சார், டாலி ஒண்ணு கொறையுது."

அவர் சொன்ன அந்தக் கணமே எனக்கு நினைவு வந்துவிட்டது. தொலைபேசிக்கு ஓடும்போது கட்டையை எங்கே வைத்தேன் என்பது படம்போலத் தெரிந்தது. வாசலுக்கு உள்ளே, கப்பிக்குப் பக்கத்தில், சட்டத்தின் மேல்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா?

"நல்லா தேடிப் பாத்தீங்களா?" என்றேன்.

"மூணு வாட்டி பாத்துட்டேன் சார். பொட்டியக் கவுத்துக்கூட பாத்துட்டேன்."

"யாராச்சும் எடுத்துகினு போயிருப்பாங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு அது மலைக்கு மேல பறந்துகினு இருக்கும் சார்."

"ஜெயவேலு, நீங்க போய்ச் சொன்னா பிளேன நிறுத்துவாங்க. அங்க ஜனங்க சோத்துக்குக் காத்துகினு இருக்காங்க. சொன்னா உங்க வேலைக்கும் நல்லதில்ல. பேசாம இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாறையைத் தட்டிக் கேட்பவர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதுக்குள்ள நாலு பேரு உட்கார்ந்திருப்பாங்க சார்" என்றார். திரும்பி நேரே சூப்பரின்டெண்டன்ட் அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். தடுக்கப் போனேனா, சொல்லப் போனேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அறையில் சூப்பரின்டெண்டன்ட் கேட்டார், "அந்த இடத்தில் வேறு யாராவது கை வைத்தார்களா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். ஜெயவேலுவுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். ஜெயவேலு சற்றுக் காத்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்:

"டாலி என்னுது சார். எண்ணிப் பாக்காம மூடினது நானு."

நான் வாய் திறக்கவில்லை.

தந்தி போயிற்று. மறுநாள் காலை கல்கத்தாவில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இயந்திரத்தை முடுக்கப்போன நேரத்தில் சில்வெஸ்டர் அவர்களைக் கீழே இறக்கினார்கள். எவ்வளவு கோபப்பட்டார் என்பதை அவரே சற்று முன் சொன்னார். திறந்து பார்த்தார்கள். கட்டை சட்டத்திலிருந்து நழுவி, கப்பிக்கும் கம்பிக் கயிற்றுக்கும் அருகே ஒரு விரற்கடை தூரத்தில் கிடந்தது. இன்னொரு குலுக்கலில் இடுக்கில் போய் மாட்டியிருக்கும். மாட்டியிருந்தால் மலைப் பள்ளத்தாக்கில் திருப்ப முடியாத விமானம் என்ன ஆகும்? நான் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தார்கள், மூடினார்கள். பிற்பகலில் எருமை அசாமுக்குக் கிளம்பியது. தாமதம் அரை நாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் ஓயாமல் அரிசி போட்டது.

ஜெயவேலுவுக்கு என்ன கிடைத்தது? சார்ஜ்மேன் பதவி போயிற்று. பழையபடி ஃபிட்டர். பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். பறிபோன பதவி திரும்பி வர நாலு வருடம் ஆயிற்று. நான் இன்ஸ்பெக்டராகவே இருந்தேன். என்னிடம் யாரும் ஒரு விளக்கம்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்க்கிறவர்களுக்கு அவரைக் குற்றம் சொல்வது எளிதாக இருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சபைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கு வந்தேன். இதோ, இந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன், "அத உள்ள வெச்சது நான்தான் ஜெயவேலு."

"தெரியும் சார்" என்றார். "உங்க கையிலதான குடுத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சங்கிலியை மாட்டி முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "திரும்ப வாங்காதது என் தப்பு. அத நான் சொன்னேன். உங்களுத நீங்கதான் சொல்லணும். கட்டைய மறந்து வெச்சது பெருசில்ல சார், யாரு வேணா மறப்பாங்க. பேசாம இருன்னு சொன்னீங்களே, அதுதான் மனசு ஆற மாட்டேங்குது."

அவர் மேலும் சொன்னார்: "போய்ச் சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

நான் போய்ச் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். என் மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். இப்படியே பதின்மூன்று வருடம் போய்விட்டது.

பெரியோர்களே, அவர் என்னிடம் பகை பாராட்டினாரா? இல்லை. நட்பு பாராட்டினாரா என்றால், அதுவும் இல்லை. என்னோடு வேலை செய்தார். நான் பார்வையிட்டு முடித்ததும் அத்தனை பேர் முன்னிலையிலும் கையை நீட்டுவார். "டாலி குடுங்க சார்" என்பார். கொடுத்த பிறகுதான் மூடச் சொல்வார். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கும். ஏன் கேட்கிறார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். முனிராஜிடம் சொல்லி ஒரு பெரிய பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைப் பெயிண்டில் வரையச் சொன்னார். கருவி திரும்பி வராவிட்டால் வெள்ளை உருவம் மட்டும் தெரியும். இன்று பணிமனையின் எல்லாக் கொட்டகைகளிலும் அந்தப் பலகை இருக்கிறது. யார் தொடங்கியது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த பத்து வருடமும் எருமை வடகிழக்கு மலைகளில் உழைத்தது. பாதையே இல்லாத காவல் நிலைகளுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், கடிதம். உயிருள்ள ஆடுகளைக்கூடக் கூடையில் கட்டிப் பாராசூட்டில் இறக்கினார்கள். ஒரு முறை பழுதுபார்க்க வந்தபோது உள்ளே அடித்த ஆட்டு வாடையில் முனிராஜ் பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். "எம்மென்னு பேரு வெச்சது நீதானப்பா. எம்மெ ஆட்டுக்கு இடம் குடுத்திச்சு, உனக்கு என்ன?" என்று ஜெயவேலு கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. தானே வாளியில் தண்ணீர் எடுத்துப் போய் மூன்று நாள் கழுவினார்.

அறுபத்திரண்டில் போர் வந்தது. எருமைக்கு அப்போதே வயதாகியிருந்தது. ஆனாலும் உயரமான நிலைகளுக்கு இரண்டு மாதம் சுமந்தது. நம்மிடம் வந்தபோது சரக்குக் கதவைச் சுற்றித் தகடு விரிந்து, ரிவிட் தலைகளிலிருந்து மை வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகள். இதைக் கழித்துவிடலாம் என்று நான் எழுத இருந்தேன். ஜெயவேலு இரண்டு நாள் தட்டிக் கேட்டார். "இன்னும் எலும்பு கெடல சார். எழுதாதீங்க" என்றார். நான் எழுதவில்லை. நாலு மாதத்தில் அதைத் திரும்ப அனுப்பினார். இன்றும் பறக்கிறது. நேற்று அது அசாமில் ஜோர்ஹாட்டில் இருந்ததாகச் சில்வெஸ்டர் அவர்கள் சொல்கிறார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் காலை ஜெயவேலுவுக்கு நெஞ்சு வலித்தது. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. அந்தச் சிவப்பு மை எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கடைசி வரை யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை சம்பூர்ணம் அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். ரமாவும் இருந்தார். அம்மா அழவில்லை. பிறகு சொன்னார்கள்:

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவரு சொன்னதே இல்ல. ஆனா எதையும் எங்கயும் மறந்து வெச்சிட்டு வர்ற ஆளு இல்ல அவரு. நாலு வருஷம் அந்த நெனப்புலயே இருந்தேன். என்னமோ நடந்திருக்குன்னு."

"என்னை மன்னிக்கணும் அம்மா" என்றேன்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி சார்? அவரத் தப்பு சொன்னது ஊரு பூரா. ஞாயித்துக்கிழம சபை கூடுது இல்ல? அங்க சொல்லுங்க. மன்னிப்பு அப்புறம் பாக்கலாம்."

சற்று முன் இந்தக் கூட்டம் தொடங்கும்போது பௌத்த முறையில் பஞ்சசீலம் சொன்னீர்கள். பொய் பேசாதிருப்பேன் என்ற வரி வந்தபோது உங்களோடு சேர்ந்து சொல்ல எனக்கு நா எழவில்லை. பொய் நான் பேசவில்லைதான். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றேன். அந்த அறையில் இரண்டு பேர் நின்றோம். ஒருவர் தன் பங்கைச் சொன்னார், ஒருவர் சொல்லவில்லை. அன்று அந்த விமானத்தில் ஏறிய நால்வரையும் காப்பாற்றியவர் ஜெயவேலு. அதற்குத் தண்டனை பெற்றவரும் ஜெயவேலு.

நேற்று காலை சூப்பரின்டெண்டன்ட் அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். ஐம்பதாம் ஆண்டில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். ஜெயவேலு அவர்களின் பதிவேட்டில் உள்ள அந்த எழுத்தை அடித்து, என் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் படித்தார். மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. என்ன முடிவு வரும் என்று தெரியாது. எது வந்தாலும் அது பதின்மூன்று வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. சங்கம் எனக்காக வாதாட வேண்டாம் என்று தலைவர் ஆம்ப்ரோஸ் அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஜெயவேலுவின் பதிவேட்டில் உள்ள எழுத்து அடிக்கப்படும்வரை விடாமல் கேளுங்கள், அது போதும்.

தோழர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்வோம். எது அவர் விட்ட பணி? ரிவிட் அடிக்க உங்களுக்குத் தெரியும். தட்டிக் கேட்கவும் பழகிவிட்டீர்கள். பலகை இருக்கிறது, எண்ணிவிடுவீர்கள். எண்ணிக்கை ஒன்று குறையும் நாள் வரும். அன்று விமானம் வானத்தில் இருக்கும். உங்களுக்கு மேல் பதவியில் இருப்பவர் யாராவது, என்னைப் போன்ற ஒருவர், 'பேசாம இருங்க' என்று சொல்வார். அன்று நேரே நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பணியைத்தான் அவர் விட்டுப் போயிருக்கிறார். அதைத் தொடர்வோம் என்று சொல்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

வெளியே வெயிலில் நிற்பவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களும் கை தூக்குவது இங்கிருந்து தெரிகிறது.

நன்றி. இப்படியே ஒரு நிமிடம் அவரை நினைப்போம். அதற்கு முன் ஒன்று. சம்பூர்ணம் அம்மா, நீங்கள் கேட்டபடி சபையில் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை.